பதநீர் இனித்தது, கருப்பட்டி இறுகவில்லை

சென்ற ஆண்டு பங்குனியில் தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சினேன். மொத்தம் 590 லிட்டர் பதநீர். அதில் ஒரு கருப்பட்டிகூட ஒழுங்காக விழவில்லை. ஊற்றியதெல்லாம் அச்சாக வைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள் பிசின் மாதிரி நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் கொப்பரை முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இப்போது திசையன்விளை, உவரி, ராதாபுரம் பக்கமெல்லாம் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து கருப்பட்டி போட ஆசைப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். என் காசு போனது போனதுதான், அவர்களுக்காவது போகாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் கருப்பட்டி காய்ச்சியவர். பனங்காட்டுக்குள்ளேயே ஓலை வேய்ந்த விடிலி, அதற்குள் அடுப்பு, சித்திரை வெயிலில் அந்தச் சூட்டில் நின்று காய்ச்சுவார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் பக்கத்தில் நின்று காய்ந்த மட்டையை அடுப்புக்குள் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனேன், பதினான்கு வருடம் ஓடிவிட்டது. மாமியார் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, கையில் இருந்த சேமிப்பில் ஒரு கொட்டகை போட்டு, கொப்பரையும் கேஸ் அடுப்பும் வாங்கினேன். உவரிப் பக்கத்துச் செம்மண் காட்டில் மூன்று பனையேறிகளிடம் லிட்டர் 40 ரூபாய்க்குப் பதநீர் பேசினேன். என் கொட்டகைக்கும் அந்தக் காட்டுக்கும் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

தவறு அடுப்பில் தொடங்கவில்லை. சுண்ணாம்பில் தொடங்கியது. தொழிலுக்கு முன்னால் தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது நாலைந்து பேர் ஒரே குறை சொன்னார்கள்: கருப்பட்டிக் காப்பி போட்டால் டம்ளர் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கிறது, சுண்ணாம்பு வாடை அடிக்கிறது என்று. நமது சரக்கில் அந்தக் குறையே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பதநீர் சொட்ட மரத்தில் கட்டுகிற கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். மூத்த பனையேறி அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “காணாதும்மா. வெயில் ஏறுனா தாங்காது” என்றார். ஆன்லைனில் வாங்கிய பிரிக்ஸ் மீட்டர் என் கையில் இருந்தது. சர்க்கரை அளவைத் தினமும் இதில் பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி, கெட்டால் தெரிந்துவிடும் என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. போதாததற்கு நான் வாங்கிக் கொடுத்த சுண்ணாம்பும் மூட்டை பிரித்து மாதக்கணக்கில் திறந்து கிடந்தது. நீற்றிய சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் கிடந்தால் வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறிவிடும், புளிப்பை முறிக்கிற காரத்தன்மை இருக்காது. இது எனக்கு அப்போது தெரியாது. பார்க்க வெள்ளையாகத்தானே இருந்தது.

முதல் நாள் 180 லிட்டர். அவர்கள் விடியுமுன் ஏறத் தொடங்கி ஒன்பது மணிக்குத்தான் கடைசி மரம் இறங்கினார்கள். மூன்று பேரின் பதநீரும் சேரட்டும் என்று லோடு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். முதலில் இறங்கிய பதநீர் பிளாஸ்டிக் கேனில் நாலு மணி நேரம் கிடந்தது. கொட்டகைக்கு வந்து வடிகட்டி, மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 13 காட்டியது, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சர்க்கரை. வாயில் வைத்துப் பார்த்தேன், தேனாக இனித்தது. ஒரு துளி புளிப்பு இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேஸ் அடுப்பைச் சிறு தீயில் வைத்துத் தொடங்கினேன். மெதுவாகச் சூடேற்றினால் சத்து போகாது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்றரை மணி நேரம் கை பொறுக்கிற சூட்டிலேயே வைத்திருந்தேன். அப்புறம் தீயைக் கூட்டி, பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, துடுப்பால் கிண்டி, சாயங்காலம் பாகு பதம் வந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டது. இறக்கி வைத்துக் கிண்டினேன். மணலில் பதித்து வைத்த சிரட்டைகளில் ஊற்றினேன்.

நல்ல பாகு என்றால் ஒரு மணி நேரத்துக்குள் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டியாக விழ வேண்டும். ராத்திரி பத்து மணிக்குத் தட்டினேன், விழவில்லை. காலையில் விரலால் தொட்டால் விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. பதம் தப்பிவிட்டது போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் அடுத்த லோடு வந்து நின்றது. இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதநீர் சொட்டுகிற பாளையைத் தினமும் சீவியாக வேண்டும், இரண்டு நாள் விட்டால் காய்ந்துவிடும். நாளைக்கு வேண்டாம், நான் யோசித்துச் சொல்கிறேன் என்று பனையேறியிடம் சொல்ல முடியாது. அதனால் முதல் வாரத்துக்கு ஒரு பனையேறியோடு மட்டும் தொடங்குங்கள். எட்டு லிட்டர் பதநீர் என்றால் சுமார் ஒரு கிலோ கருப்பட்டி. அந்த எட்டு லிட்டரைத் தனியாகக் காய்ச்சி, இறுகுகிறதா என்று பார்த்த பிறகு கொப்பரைக்குப் போங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாம் நாள் 200 லிட்டர். கூடுதல் நேரம் காய்ச்சினேன். பாகு கறுத்தது, இறுகவில்லை. மூன்றாம் நாள் 210 லிட்டர். சுண்ணாம்பு குறைந்ததுதான் காரணமோ என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உடனே கொதிக்கிற கொப்பரையிலேயே இரண்டு கை சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன். அது செய்யவே கூடாத காரியம். பாகு மை மாதிரி கறுத்து, கசந்து போனது. முதல் இரண்டு நாள் சரக்காவது வாயில் வைக்க முடிந்தது, மூன்றாம் நாள் சரக்கு மாட்டுக்குக்கூட ஆகவில்லை. குழி தோண்டி ஊற்றினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பதநீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆட்டோக்காரர், கூலிக்கு வந்த பெண்கள் எல்லோரும் நிற்கும்போதே அண்ணாச்சியிடம், “தண்ணி கலந்தீங்களா? உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, மற்ற இருவரும் வரவில்லை. பணம் போனதைவிட இது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. முதல் நாளே எச்சரித்தவரும் அவர்தான்.

விஷயம் என்னவென்று விளங்கியது என்னோடு பள்ளியில் படித்த தோழியால். அவள் இப்போது பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறாள். மிச்சம் இருந்த பதநீரில் ஒரு பாட்டிலும், இறுகாத பாகில் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசல் என்று ஒன்று இருக்கும், நீல நிறம். முன்பெல்லாம் சிறுநீரில் சர்க்கரை பார்க்க அதைத்தான் பயன்படுத்துவார்கள். சோதனைக்குழாயில் அதை எடுத்து, என் பாகைத் தண்ணீரில் கரைத்து இரண்டு சொட்டு விட்டுச் சூடாக்கினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. “ஏட்டி, ஒன் சர்க்கரை ஒடைஞ்சு போச்சு” என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரியே எழுதுகிறேன். பதநீரில் இருக்கிற சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். நம் வீட்டுச் சீனியும் அதுதான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கை கோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். சுக்ரோஸுக்கு மணியாகக் கட்டுகிற குணம் உண்டு, கருப்பட்டி இறுகுவது அதனால்தான். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஈஸ்ட் இருக்கிறது. அந்த ஈஸ்ட் இன்வெர்ட்டேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி ஒரு தண்ணீர் மூலக்கூறை இடையில் நுழைத்துச் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. நீராற்பகுப்பு என்று நாம் பள்ளியில் படித்தது இதுதான். பிரிந்த இரண்டும் கலந்து நின்றால் லேசில் மணி கட்டாது, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தேன் கருப்பட்டி மாதிரி கட்டியாகாமல் ஒழுகுவதற்கும் இதே வேலையைச் செய்கிற ஒரு நொதிதான் காரணம், தேனீ அதைத் தன் தலையில் உள்ள சுரப்பியிலிருந்து சேர்க்கிறது. மிட்டாய்க் கடையில் சீனிப்பாகு பூத்துவிடாமல் இருக்க எலுமிச்சை பிழிகிறார்களே, அங்கே நொதி இல்லை, புளிப்பும் சூடும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. இந்த நொதி விஞ்ஞானிகளுக்கு ரொம்பப் பழைய சிநேகிதம். 1913-இல் பெர்லினில் லியோனர் மிக்கேலிஸும் மோட் மென்டனும் நொதிகள் என்ன வேகத்தில் வேலை செய்கின்றன என்று கணக்குப் போட்டது இன்வெர்ட்டேஸை வைத்துத்தான் என்று தோழி சொன்னாள். அந்த நொதி என் கொப்பரையிலும் வேலை பார்த்தது என்று கேட்டபோது என் கோபம் கொஞ்சம் இறங்கியது. மூன்று நாளாக யாரோ எனக்குத் துரோகம் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மீட்டரும் நாக்கும் ஏன் கைவிட்டன என்பதுதான் நான் கேட்ட அடுத்த கேள்வி. பிரிக்ஸ் மீட்டர் கரைந்திருக்கும் மொத்தச் சர்க்கரையைத்தான் சொல்லும். சுக்ரோஸ் முழுதாக இருக்கிறதா உடைந்து கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 100 கிராம் சுக்ரோஸ் உடைந்தால் தண்ணீரும் சேர்ந்து 105 கிராம் சர்க்கரை ஆகிறது, ஆகவே எண் குறையக்கூட இல்லை. நாக்கு அதைவிட ஏமாற்றும். ஃபிரக்டோஸ் சீனியைவிட அதிகம் இனிக்கும், அதனால் உடைந்த பதநீர் நல்ல பதநீரைவிட ஒரு படி தித்திப்பாகவே இருக்கும். புளிப்பு அதற்குப் பிறகுதான் வரும். முதல் நாள் தேனாக இனிக்கிறது என்று நான் சந்தோஷப்பட்ட நேரத்தில் வேலை பாதி முடிந்திருந்தது. மீட்டரை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு அதே மீட்டர் 13 காட்டியது. தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அண்ணாச்சியின் சாட்சியே என் கையில்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவரைக் கேட்டேன்.

சுண்ணாம்பின் வேலையும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஈஸ்டின் இன்வெர்ட்டேஸுக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும், புளிப்பையும் காரத்தன்மையையும் அளக்கிற பிஎச் எண் நாலரை, ஐந்து அளவில் இருந்தால் மும்முரமாக வேலை செய்யும். சுண்ணாம்பு பதநீரைக் காரத்தன்மையோடு வைத்திருந்தால் ஈஸ்டும் பெருகாது, நொதியும் முடங்கிக் கிடக்கும். சுண்ணாம்பே இல்லையென்றால் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கிவிடும், அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது, அந்த வம்பு தனி. வெள்ளை மண்டி வேண்டாம் என்றால் அதற்கு வழி சுண்ணாம்பைக் குறைப்பது இல்லை. கலயத்தில் தாராளமாகத் தடவிவிட்டு, பதநீரை இறக்கிய பிறகு பத்து நிமிடம் அசையாமல் தெளியவிட்டு, மேலாக இறுத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்ட வேண்டும். என் மாமியார் செய்ததும் அதுதான். தெளிகிற நேரத்தில் அவர் வெற்றிலை போடுவார். அதை ஓய்வு என்று நினைத்திருந்தேன்.

கேஸ் அடுப்பில் செய்தது இன்னும் பெரிய பிழை. அந்த நொதிக்கு மிகவும் பிடித்த சூடு ஐம்பது, அறுபது டிகிரி. எழுபதைத் தாண்டி ஏறினால் சீக்கிரம் செயலிழந்துவிடும். நான் சத்து போகாமல் காப்பாற்றுகிறேன் என்று ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தது ஏறக்குறைய அந்தச் சூட்டில். பழைய ஆட்கள் விடிலியைக் காட்டுக்குள்ளேயே போட்டதற்கும், காய்ந்த ஓலையையும் மட்டையையும் போட்டு எடுத்த எடுப்பில் தீயைக் கொளுத்தியதற்கும் காரணம் இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிய பதநீர் வழியில் எங்கேயும் நிற்காமல் நேரே கொதிக்கு வர வேண்டும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பு, கொதிக்கும் வரை முழுத் தீ. இதை நான் இப்போது கண்டிப்பாக வைத்திருக்கிறேன். மூன்று பேருடையதும் சேரட்டும் என்று காத்திருப்பதில்லை, யாருடையது முதலில் வருகிறதோ அது கொப்பரைக்குப் போகிறது. நேற்றைய மிச்சத்தை இன்றையதோடு கலப்பதே இல்லை, ஒரு லிட்டர் பழசு போதும் எல்லாவற்றையும் கெடுக்க. பிளாஸ்டிக் கேனை விட்டுவிட்டேன். அதன் மூடித் திருகுக்குள் ஒட்டியிருக்கிற பிசுக்கு எப்படிக் கழுவினாலும் போகாது, ஈஸ்ட் அங்கேயே குடியிருக்கும். வாய் அகன்ற எவர்சில்வர் தூக்குகள் வாங்கி, தினமும் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைக்கிறேன்.

தினமும் பள்ளி ஆய்வகத்துக்கு ஓட முடியாது. சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க ஒரு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவக்கிறதே, அதேதான். வெள்ளைத்தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவி நிழலில் காயவைத்து, விரல் அகலத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கலயத்திலிருந்தும் ஒரு சொட்டு. தாள் சிவப்பாக மாறினால் சுண்ணாம்பு நின்று காக்கிறது, மஞ்சளாகவே இருந்தால் அந்தக் கலயத்தைக் கொப்பரையில் ஊற்றாதீர்கள். ஒரு சீசன் முழுக்க ஐம்பது ரூபாய்கூடச் செலவில்லை. கெட்டு முடிந்த பிறகு சுண்ணாம்பு போட்டால் சர்க்கரை திரும்ப ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த சர்க்கரையைக் காரத்தில் கொதிக்கவிட்டால் கறுப்பும் கசப்பும்தான் மிச்சம், என் மூன்றாம் நாள் கொப்பரை மாதிரி.

கணக்கு எழுதியவள் என்பதால் நஷ்டத்தை எழுதி வைத்திருக்கிறேன். பதநீர் 23,600 ரூபாய், கேஸும் விறகும் 5,400, ஆட்டோ 2,100, இரண்டு பெண்களுக்குக் கூலி 3,000. ஆக 34,100. எழுபது கிலோவுக்கு மேல் கருப்பட்டி வந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் பாகை மட்டும் பாட்டிலில் அடைத்து, கருப்பட்டி இல்லை, பாகுதான் என்று சொல்லியே விற்றதில் 6,000 கிடைத்தது. புதிய பனையேறி கிடைக்காமல் நல்ல சீசனில் பதினொரு நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது தனி. அந்த நாட்களில் ஒருவர் வந்து, “பத்துக் கிலோ சீனியைப் போட்டுக் கிண்டுங்க, கல்லு மாதிரி எறுகிரும்” என்று யோசனை சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், சீனி முழு சுக்ரோஸ், போட்டால் இறுகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பல கருப்பட்டியின் ரகசியமும் அதுதான். கையில் பணமில்லாத அந்த நேரத்தில் ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. மாமியார் காய்ச்சிய பெயரில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே, தவறு என்னுடையது, எல்லோர் முன்னாலும் கேட்டது பெரிய தவறு என்றேன். அவர் மனைவிதான் என்னைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். அண்ணாச்சி அருவாளைத் தீட்டிக்கொண்டே, “சுண்ணாம்பு புதுசா வாங்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீத்துன அன்னைக்கே எனக்குக் கொண்டாந்து தா” என்றார். ஆட்டோக்காரருக்கும் கூலிப் பெண்களுக்கும் நானே போன் செய்து, அண்ணாச்சிமேல் குற்றம் இல்லை என்று சொன்னேன். நான்காவதாகக் காய்ச்சியது முப்பது லிட்டர். இரவு எட்டரைக்குச் சிரட்டையைக் கவிழ்த்தபோது டொக்கென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த ஆண்டு சித்திரைவரை பெரிதாக எதுவும் கெடவில்லை. புழுக்கமான இரவுகளில் கலயத்தில் கிடந்து காலையில் இறங்குகிற பதநீர் மட்டும் சில நாள் மஞ்சள் தாளில் லேசாகத்தான் சிவக்கிறது. அதைக் கருப்பட்டிக்கு வைப்பதில்லை, தனியாகப் பாகாகக் காய்ச்சிவிடுகிறேன். அப்படிப்பட்ட பதநீரில் கருப்பட்டி போட்டால், இறுகினாலும் ஐப்பசி மழையில் வியர்த்து ஒழுகும். நல்ல சரக்கையும் ஓலைக் கொட்டானில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில்தான் வைக்கிறேன், புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. மஞ்சள் தாள் ஒரு கட்டு வெட்டி அண்ணாச்சியிடமும் கொடுத்திருக்கிறேன். இடுப்பில் அருவாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மரத்திலேயே பார்த்துவிட்டு இறங்குகிறார்.